தனியாளாக பிரேக் ஏர் எடுக்க: மலையில் கார் வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

கொடைக்கானலில் இருந்து வெள்ளி நீர்வீழ்ச்சி, பெருமாள்மலை, ஊத்து, டம் டம் பாறை என்று இறங்கி காட்ரோடு வந்து சேரும்போது கார் சுமார் 1,800 மீட்டர் உயரம் கீழே வந்திருக்கும். நாலு பேர் ஏறிய சின்னக் கார், மொத்த எடை 1,200 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்த இறக்கத்தில் அது எங்கேயாவது விட்டாக வேண்டிய சக்தி ஏறக்குறைய 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இன்ஜினும் எதிர்க்காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி எல்லாம் பிரேக்கில் சூடாக இறங்கும். சமவெளியில் 5 வருஷம் ஓடிய பிரேக் ஆயிலும் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாம். இந்தச் சாலையில் அதை நம்பக்கூடாது.

பிரேக் ஏர் எடுப்பது, அதாவது பிரேக் லைனில் சேர்ந்த காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்றுவது, இரண்டு ஆள் வேலை என்று ஒரு எண்ணம் இருக்கிறது. ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் ஆயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடுவது வழக்கம்தான். ஆனால் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் பகலில் வீட்டில் இருப்பவரே அபூர்வம்; எல்லோரும் பூண்டுக் காட்டிலோ கேரட் காட்டிலோ இருப்பார்கள். மெக்கானிக்கிடம் போகலாம் என்றால் அதற்கும் அந்த பிரேக்கை நம்பித்தான் வண்டியை எடுக்க வேண்டும். தனியாளாகச் செய்ய நல்ல வழிகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கை பலம் தேவையில்லை, பொறுமை தேவை. கார் ஓட்டும் யாரும், ஆணோ பெண்ணோ, ஒரு காலைப்பொழுதில் செய்து முடிக்கலாம்.

1. முதலில் பெடல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கி, இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மிதித்ததும் மேலே வந்தால் லைனில் காற்று இருக்கிறது. மிதித்து வைத்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் போயிருக்கலாம், அல்லது எங்கோ ஒழுகுகிறது. இதற்கு ஏர் எடுப்பது மருந்தே அல்ல. நீண்ட இறக்கத்தில் திடீரென்று பெடல் தரைக்குப் போய், அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தியதும் பழையபடி சரியாகிவிட்டால் அது ஆயில் கொதித்ததன் அடையாளம். 'சரியாகிவிட்டதே' என்று இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இருப்பதிலேயே ஆபத்தான அறிகுறி இதுதான். அந்த ஆயிலோடு இன்னொரு முறை மலை இறங்காதீர்கள்.

2. பெடல் கொஞ்சம் கல்லாக இருக்கிறது என்றால் உடனே பயப்பட வேண்டாம். பூஸ்டர் என்பது இன்ஜின் உண்டாக்கும் வெற்றிடத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் வேலை செய்கிற சாதனம். கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைவு. அதனால் பூஸ்டர் தரும் உதவியும் குறையும். மதுரையில் ஓட்டிய அதே கார் இங்கே இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிக்கச் சொல்லும். அது இயல்பு.

3. பின்சக்கரம் டிரம் பிரேக் என்றால், நிப்பிளைத் தொடுவதற்கு முன்னால் ஷூ அட்ஜஸ்ட்மென்டைப் பாருங்கள். லைனிங் தேய்ந்து டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டால் பெடல் அரைவாசிக்குமேல் இறங்கும். காற்று நுழைந்தது போலவே தோன்றும். டப்பா டப்பாவாக ஆயில் ஊற்றி ஏர் எடுத்தாலும் பெடல் மேலே வராது. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் லேசாக உரசி நிற்காமல் சுழலும் அளவுக்கு அட்ஜஸ்டரை ஏற்றிவிட்டு மறுபடி மிதித்துப் பாருங்கள். பாதிக் கார்களில் வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

4. உங்கள் காரில் ஏ.பி.எஸ். உண்டா என்று தெரிந்துகொள்ளுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் நாட்டில் தயாரான கார்களில் அது கட்டாயம். பழையவற்றிலும் மேல் ரகங்களில் இருக்கும். ஆயில் மாற்றுவதற்காக மட்டும், மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் ஆயில் மட்டம் குறையாமல் பார்த்துக்கொண்டு செய்வதென்றால் ஏ.பி.எஸ். கார்களையும் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் மாஸ்டர் சிலிண்டர் வறண்டு ஏ.பி.எஸ். பெட்டிக்குள் காற்று போய்விட்டால் அந்தக் காற்று உள்ளே உள்ள சின்ன வால்வுகளின் பின்னால் ஒளிந்துகொள்ளும். கணினி வைத்து அந்த வால்வுகளைத் திறந்து மூடித்தான் வெளியே எடுக்க முடியும். அது ஒர்க்‌ஷாப் வேலை. வண்டியை அங்கே வேறு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள், ஓட்டிக்கொண்டோ கயிறு கட்டி இழுத்துக்கொண்டோ அல்ல.

5. ஆயில் தேர்வில் கஞ்சம் வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று அச்சிட்டிருக்கும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. டாட் 4 என்றால் 230. இவை இரண்டும் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் வகை. நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்ததும் டாட் 3-இன் கொதிநிலை 140-க்கும், டாட் 4-இன் கொதிநிலை 155-க்கும் இறங்கிவிடலாம். தரநிலை ஏற்கும் கீழ்வரம்பு அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் நாள் முழுக்க மூட்டத்துக்குள் கிடக்கும் ஊரில், ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடியின் காற்றுத் துளை வழியாகவும் அந்த ஈரம் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஆயில் கொதித்தால் வருவது நீராவி. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. நீங்கள் மிதிக்கும் மிதி முழுவதும் ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

மூடியில் டாட் 3 என்று இருந்தாலும் மலையில் இருப்பவர்கள் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் கலக்கும். டாட் 5 மட்டும் வேண்டாம். அது சிலிக்கோன் வகை, இவற்றோடு சேராது. பெயரில் ஒட்டியிருக்கும் டாட் 5.1 வேறு, அது நம் ஆயில் வகைதான். கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்றாலும் டப்பாவின் எழுத்தை நீங்களே படியுங்கள்.

6. சீல் உடையாத டப்பா மட்டும். போன வருஷம் பாதி ஊற்றி மூடி வைத்த டப்பா ஷெட்டில் இருக்கும், எடுக்காதீர்கள். அது மூடியிருந்தாலும் இத்தனை மாதம் இந்த ஊர்க் காற்றோடு இருந்திருக்கிறது. ஒரு சின்னக் காருக்கு முழு ஆயிலும் மாற்ற 1 லிட்டர் போதும். ஒரே பெரிய கேனாக வாங்குவதைவிடச் சின்ன டப்பாக்களாக வாங்கினால் தேவைப்பட்டதை மட்டும் திறக்கலாம். எப்போதும் ஒரு டப்பா கூடுதலாக வாங்குங்கள். நடுவில் ஆயில் தீர்ந்தால், மேல்மலையில் இருப்பவர் கடைக்குப் போக அந்தக் காரைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

7. நாள் பார்த்துச் செய்யுங்கள். தை முதல் பங்குனி வரை இங்கே காற்று வறண்டிருக்கும், வெயிலும் நன்றாக அடிக்கும். மூடுபனி இறங்கும் மாலையில் மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டிப் பார்த்தும் முடித்துவிடலாம்.

8. சமதளம் தேடுவதுதான் மலைக்காரர்களுக்குப் பெரிய பாடு. வீட்டு வாசலே சரிவாக இருக்கும். பஞ்சாயத்துத் திடல், கோயில் முன்னால் உள்ள இடம், உறவினர் வீட்டு முற்றம் என்று எங்காவது சமமாக இருந்தால் அங்கேயே செய்யுங்கள். பிரேக் வேலை நடக்கும்போது அந்தக் காருக்கு பிரேக் கிடையாது என்பதை ஒரு நிமிஷமும் மறக்கக்கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். லாரி, ஜீப்களில் வைத்திருப்பார்களே, கைப்பிடி போட்ட ஆப்பு வடிவ மரக்கட்டை, அதுதான் நல்லது. செங்கல் நொறுங்கும், உருண்டைக் கல் நழுவும்.

9. ஜாக்கியை மட்டும் நம்பிக் கைகாலை அடியில் நீட்டாதீர்கள். சக்கரத்தைக் கழற்றியதும் ஸ்டாண்டு கொடுங்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் கழற்றிய சக்கரத்தையே படுக்கவைத்து பாடிக்கு அடியில் தள்ளிவிடலாம்; ஜாக்கி சறுக்கினாலும் வண்டி முழுதாக இறங்காது. ஆனால் அது ஸ்டாண்டுக்கு ஈடாகாது. மண் தரையாக இருந்தால் ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை போடுங்கள், மழை ஊறிய மலைமண் உள்வாங்கும்.

10. வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் (சின்னக் கார்களில் பெரும்பாலும் 8 அல்லது 10 எம்.எம்.), உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒரு மீட்டர், கண்ணாடிப் பாட்டில், ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச், பழைய துணி, ஒரு வாளித் தண்ணீர். மீன் தொட்டிக்குக் காற்று போகும் டியூப் பல கார்களின் நிப்பிளில் கச்சிதமாக ஏறும். தளர்ந்தால் சின்னக் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம், நிப்பிளின் முனைகளை வழித்துவிடும்.

11. பாட்டில் கண்ணாடியாகவே இருக்கட்டும். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வீட்டில் அவ்வளவாகக் கிடைக்காது, கிடைத்தாலும் இதற்கு உதவாது. டியூப்பின் கனத்துக்கே கவிழ்ந்துவிடும். ஜாம் பாட்டிலோ ஊறுகாய் பாட்டிலோ எடுத்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, மூடியில் டியூப் நுழைய ஒரு துளையும் காற்று போக இன்னொரு சின்னத் துளையும் போடுங்கள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் புது ஆயில் ஊற்றி, டியூப்பின் நுனி அதற்குள் முழுகியிருக்குமாறு செருகுங்கள். இனி அந்தப் பாட்டில் சமையலறைக்குத் திரும்பக்கூடாது.

12. நிப்பிளுக்கு முதல் நாள் சாயங்காலமே வைத்தியம் தொடங்குங்கள். செம்மண்ணை வயர் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து இரவெல்லாம் ஊறவிடுங்கள். காலையில் திறக்கும்போது முதலில் மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் திருப்பி, பிறகு தளர்த்துங்கள். அசையவில்லையென்றால் சின்னச் சுத்தியலால் நிப்பிளைச் சுற்றியுள்ள இரும்பில் லேசாகத் தட்டி மறுபடி முயலுங்கள். ஈர ஊரில் பல வருஷம் திறக்காத நிப்பிள் முறிந்துபோவது சாதாரணம். முறிந்தால் வீல் சிலிண்டரையோ காலிப்பரையோ கழற்ற வேண்டிவரும். அதனால் நாலு நிப்பிளும் திறக்கின்றனவா என்று பார்த்து, திறந்ததை உடனே மூடிவிட்டு, அதன் பிறகே பழைய ஆயிலை உறிஞ்சத் தொடங்குங்கள்.

13. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். சிந்தினால் துணியால் தேய்க்காதீர்கள், பரவும். தண்ணீர் ஊற்றி அலசுங்கள். இது தண்ணீரோடு கலக்கும் திரவம் என்பதால் உடனே போய்விடும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவி டாக்டரிடம் போங்கள். வயிற்றுக்குள் போனால் இது விஷம். குடிநீர், ஜூஸ் பாட்டில்களில் ஊற்றி வைக்கும் பழக்கம் எந்த வீட்டிலும் வேண்டாம்.

14. மாஸ்டர் சிலிண்டரின் டப்பாவில் இருக்கும் பழைய கறுப்பு ஆயிலை முதலில் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஆயில் நிரப்புங்கள். இல்லையென்றால் அந்த அழுக்கு முழுவதையும் நாலு சக்கரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அடியில் கொஞ்சம் விட்டு வையுங்கள், துளைகள் வெளியே தெரிந்தால் காற்று இறங்கிவிடும். சில கார்களில் கிளட்ச்சும் இதே டப்பாவில்தான் குடிக்கிறது. மட்டம் குறைந்தால் முதலில் கிளட்ச் போகும்.

15. பொதுவான வரிசை: மாஸ்டர் சிலிண்டரில் இருந்து தூரத்தில் உள்ள சக்கரம் முதலில், கிட்ட உள்ளது கடைசியில். நம் ஊர் வலதுபக்க ஸ்டியரிங் கார்களில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. மூலைக்கு மூலை லைன் பிரித்திருக்கும் சில கார்களுக்கு வேறு வரிசை உண்டு. காரின் சர்வீஸ் கையேடு சொல்வதே முடிவு.

16. இப்போது முக்கிய வேலை. இதை அவசரப்படாமல் படியுங்கள்.

இன்ஜினை அணைத்து, பெடலை ஐந்தாறு முறை மிதித்து பூஸ்டரில் மிச்சம் இருக்கும் உதவியைத் தீர்த்துவிடுங்கள். ரிங் ஸ்பேனரை முதலில் நிப்பிளில் மாட்டி, அதற்குமேல் டியூப்பை ஏற்றுங்கள். மாற்றிச் செய்தால் மறுபடி கழற்ற வேண்டும். டியூப் நிப்பிளிலிருந்து நேரே மேலே ஒரு சாண் உயர்ந்து, வளைந்து, பாட்டிலுக்குள் இறங்கட்டும். ஆளில்லாமல் ஏர் எடுப்பதன் சூட்சுமமே இந்த வளைவுதான். காற்றுக் குமிழி எப்போதும் மேலேதான் போகும். வளைவின் உச்சியைத் தாண்டிவிட்டால் திரும்பாது. பெடலை விடும்போது லைன் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாலும், நிப்பிளுக்கும் உச்சிக்கும் நடுவே நிற்கிற சுத்தமான ஆயில்தான் உள்ளே திரும்பும், காற்று திரும்பாது.

நிப்பிளைக் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று மட்டும் திறங்கள். உள்ளே வந்து உட்கார்ந்து பெடலை மெதுவாக இறக்கி, அதைவிட மெதுவாக மேலே விடுங்கள். படபடவென்று மிதித்தால் ஒரு பெரிய குமிழி நூறு பொடிக் குமிழிகளாக உடைந்து ஆயிலில் கலந்துவிடும். அப்புறம் அது அடங்க ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான். ஏழெட்டு மிதிக்கு ஒருமுறை எழுந்துபோய் டப்பாவில் மட்டம் பாருங்கள், ஊற்றுங்கள், டியூப்பைப் பாருங்கள். கறுப்பு போய்த் தேன் நிறம் வந்து, குமிழியும் நின்றால் அந்தச் சக்கரம் முடிந்தது. டியூப்பைக் கழற்றுவதற்கு முன்னால் நிப்பிளை மூடுங்கள்.

17. பெடலைத் தரைவரை மிதிக்காமல் இருக்க அதன் கீழே ஒரு மரத்துண்டு வையுங்கள். வழக்கமாக ஓட்டும்போது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் பாதி தூரம்தான் போய்வரும். மீதிப் பகுதியில் வருஷக்கணக்கில் துருவும் கசடும் சேர்ந்திருக்கும். ஏர் எடுக்கும் அன்று தரைவரை மிதித்தால் சீல் அந்தச் சொரசொரப்பில் போய்க் கிழிந்துவிடலாம். நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஏர் எடுத்த மறுநாள் ஒழுகத் தொடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழைய கார்களில் இந்தக் கட்டையை மறக்கவே கூடாது.

18. எவ்வளவு மிதித்தாலும் குமிழி நிற்கவில்லையா? அது லைனில் இருந்து வரும் காற்றாக இல்லாமலும் இருக்கலாம். தளர்ந்த நிப்பிளின் மரைகளுக்கு நடுவே வெளிக்காற்று நுழைந்து டியூப்பில் தெரியும். நிப்பிளை முழுதாகக் கழற்றி மரையில் மட்டும், நுனியிலும் துளையிலும் படாமல், டெஃப்லான் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி மாட்டினால் அடங்கிவிடும். கழற்றும் அந்தச் சில நொடிகளில் துளையை விரலால் மூடிக்கொள்ளுங்கள். கையால் இழுக்கும் வேக்குவம் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஏமாற்று அதிகம். மேலும், காற்றழுத்தம் குறைந்த நம் உயரத்தில் அந்தப் பம்ப் சமவெளியில் இழுக்கும் அளவுக்கு இழுக்காது. இங்கே அதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பேன்.

19. பாட்டில் முறையில் முடித்த பிறகும் சந்தேகம் இருந்தால் கம்பு முறை. பெடலை நன்றாக அழுத்தி, பெடலுக்கும் சீட்டின் முன்விளிம்புக்கும் நடுவே அளவாக வெட்டிய ஒரு கம்பை முட்டுக் கொடுங்கள். போய் நிப்பிளை ஒரு நொடி திறந்து மூடுங்கள். அடைபட்டிருந்த அழுத்தம் ஒரே பீய்ச்சலில் வெளியே வரும், ஒட்டிக்கொண்டிருந்த குமிழியையும் தள்ளிக்கொண்டு வரும். கம்பு பெடலைக் கீழேயே பிடித்திருப்பதால் காற்று உள்ளே திரும்ப வழியில்லை. வந்து கம்பை எடுங்கள், பெடல் தானாக மேலே வரும். ஒருமுறைக்குக் கொஞ்சம் ஆயில்தான் வரும், நடையும் அதிகம். ஆனால் கடைசிச் சோதனைக்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

20. இடுப்பு வலி, முழங்கால் வலி உள்ளவர்கள் புவியீர்ப்பிடம் வேலையைக் கொடுத்துவிடலாம். டப்பாவின் மூடியைத் தளர்த்தி, நிப்பிளைத் திறந்து, டியூப்பைக் கீழ்நோக்கிப் பாட்டிலுக்குள் விட்டு உட்காருங்கள். சொட்டுச் சொட்டாக இறங்கும். ஒரு சக்கரத்துக்கு அரை மணி நேரமும் ஆகலாம். பெடலைத் தொடவே வேண்டாம். பக்கத்தை விட்டு நகராமல் டப்பாவில் மட்டம் மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். இங்கே குளிர்காலக் காலையில் ஆயில் கெட்டியாக இருந்து சொட்டு இன்னும் மெதுவாகும், வெயில் ஏறியபின் தொடங்குங்கள்.

21. கீழிருந்து மேலே தள்ளும் சிரிஞ்ச் முறையும் உண்டு. நிப்பிள் வழியாகப் புது ஆயிலை ஏற்றினால் காற்று தன் இயல்புப்படி மேலே போய் டப்பாவில் வெளியேறும். புதிதாக வீல் சிலிண்டர் மாற்றிய பழைய ஜீப்புகளுக்கு இது அருமையாகப் பயன்படும். டப்பாவைப் பாதி காலி செய்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லையென்றால் வழிந்து பானெட்டுக்குள் பெயிண்டைக் கெடுக்கும். ஏ.பி.எஸ். காரில் வேண்டாம். சக்கரத்தடியில் தங்கிய கசடை அந்த நுண்ணிய வால்வுகளுக்குள் நாமே தள்ளிவிட்டவர்கள் ஆவோம்.

தோட்டத்துக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரை மாற்றியமைத்து டப்பாவுக்கு அழுத்தம் கொடுக்கும் முறையைச் சிலர் சொல்கிறார்கள். புது ஸ்பிரேயராக இருந்தால் செய்யலாம். பூச்சிமருந்து கண்ட ஸ்பிரேயர் ஒருபோதும் வேண்டாம், எத்தனை முறை கழுவியிருந்தாலும்.

22. காய்கறி ஏற்றும் ஜீப், வேன், பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு: இவற்றில் பலவற்றுக்குப் பின் ஆக்சிலுக்குமேல் சுமைக்குத் தக்கபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. பாடியைத் தூக்கிப் பின்சக்கரம் தொங்கினால் 'வண்டி காலி' என்று எடுத்துக்கொண்டு அது வழியைச் சுருக்கிவிடும். பின்சக்கரத்துக்கு ஆயிலே வராது. ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் கொடுங்கள், பாடி தன் எடையோடு ஸ்பிரிங்கின்மேல் உட்காரட்டும். சில வண்டிகளில் அந்த வால்விலேயே தனி நிப்பிள் இருக்கும். அதிலும் ஏர் எடுக்க வேண்டும்.

23. நிப்பிளை மூடும்போது வீரம் காட்டாதீர்கள். அதன் உள்ளே துளை ஓடுகிறது, இரும்பு மெலிசு. சின்ன ஸ்பேனரில் மணிக்கட்டு பலத்தால் இறுக்கினால் போதும். துடைத்து, ரப்பர் தொப்பியை மாட்டுங்கள். தொப்பி காணாமல் போயிருந்தால் சைக்கிள் வால்வ் டியூப் துண்டையாவது மாட்டுங்கள், அடுத்த மழையில் துளைக்குள் தண்ணீர் தங்காமல் இருக்கும்.

24. சோதனை. இன்ஜினை ஸ்டார்ட் செய்து பெடலை பலமாக மிதித்து அரை நிமிஷம் வைத்திருங்கள். முதலில் கொஞ்சம் இறங்கி நின்றுவிட வேண்டும், தொடர்ந்து இறங்கக்கூடாது. இறங்கி நாலு நிப்பிளையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் வேலை முடியவில்லை. பிறகு சக்கர நட்டுகளை இறுக்கி, கட்டையை எடுத்து, 10 கிலோமீட்டர் வேகத்தில் சமமான தெருவில் போய் நிறுத்திப் பாருங்கள். அடுத்து ஒரு சின்னச் சரிவு. கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய 5 கிலோமீட்டர் சாலை சமமாகத்தானே இருக்கிறது என்று அங்கே போகாதீர்கள். நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் குழந்தைகளும் இருக்கும் இடத்தில் சோதனை செய்யக்கூடாது. அன்றைக்கே மலை இறங்குவதும் வேண்டாம். ஒரு இரவு நிற்கட்டும், மறுநாள் காலையில் பெடல் அதே உயரத்தில் இருக்கிறதா, டப்பாவில் மட்டம் குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

25. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். இந்த மலையில் விழும் தண்ணீர்தான் ஒரு பக்கம் மஞ்சளாற்றுக்கும் மறுபக்கம் பழனி அடிவாரத்து அணைகளுக்கும் போகிறது. பேரிஜம் ஏரித் தண்ணீரைப் பெரியகுளம் குடிக்கிறது. பாதரசக் கழிவை விட்டுச்சென்ற தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டு இத்தனை வருஷமான பிறகும் பாதரசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிற ஊர் இது. இறுக்கி மூடி, 'பிரேக் ஆயில், விஷம்' என்று எழுதி ஒட்டி, பழைய இன்ஜின் ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். இன்ஜின் ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும்.

26. புது ஆயில் ஊற்றிவிட்டோம் என்று இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வராதீர்கள். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது பழைய பஸ் டிரைவர்கள் கற்றுத்தரும் பாடம். பெருமாள்மலையில் இருந்து அடுக்கம் வழியாகக் கும்பக்கரை இறங்குபவர்கள் இன்னும் ஒரு கியர் குறைத்துக்கொள்ளலாம். ஆட்டோமேட்டிக் கார் என்றால் டி-யில் விடாமல் எல் அல்லது மேனுவல் முறைக்கு மாற்றுங்கள். சமவெளியில் இருந்து வருபவர்கள் பலருக்கு அந்த எழுத்து எதற்கென்றே தெரிவதில்லை. வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் ஒருமுறை உறுதியாக அழுத்தி விட்டுவிடுங்கள். லைனிங் தீய்ந்த வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி, ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் கியரிலும் கட்டையிலும் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கிலும் டிரம்மிலும் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விடும்.

27. செய்த தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயிலின் வகை மூன்றையும் ஒரு சின்னத் தாளில் எழுதி மாஸ்டர் சிலிண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். வாரந்தோறும் காட்ரோடு வரை இறங்கி ஏறும் வண்டிக்கு வருஷம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதத்தில், மாற்றிவிடுவது நல்லது.